கதை சொல்றது யாரு?

மாணவர் எழுதும் சிறுகதைகளில், நைட் ஷிப்டுக்கு ஓடும் அம்பத்தூர் எஸ்டேட் லேத் ஆபரேட்டர்கூட, "அந்தி வானம் செம்மை பூண்டது" என்று தன் கதையைத் தொடங்குகிறான். நம்ப முடிகிறதா? அவனும் வானம் பார்ப்பான்தான். "மழை வந்தா சப்வேல தண்ணி நிக்குமே"ன்னு யோசிப்பான்.

இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன், கரிசல் பேச்சிலேயே கதை சொன்னார். அந்தச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார்.

கொச்சையாக எழுதினால் மட்டும் போதாது என்பது என் கருத்து. சொல்பவன் கண்ணில் படுவதுதான் கதையில் வரவேண்டும். பட்டறையின் எண்ணெய் வாசனை நமக்குத் தெரியும். அதை நாம எழுதலேன்னா வேற யாரு எழுதுவா?