பல்லுக்கு கிளிப்: 7 வயசுல காட்டணும், போடுறதுக்கு அவசரம் இல்லை!

ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்பல் கோணலாக முளைக்கிறது. அருப்புக்கோட்டையானாலும் திருச்சுழியானாலும் வீட்டில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.” தறி ஓட்டும் வீட்டிலும் மானாவாரி வெள்ளாமையை நம்பிய வீட்டிலும் இது அலட்சியத்தில் வரும் பதில் அல்ல. கிளிப் என்றால் பல ஆயிரம் ரூபாய். போட்ட பிறகு மாதம் ஒருமுறை மருத்துவரிடம் போக வேண்டும்; ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு.

ஆனால், இந்தக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. பல்லைக் காட்டுவது வேறு, கிளிப் போடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் சின்னச் செலவில் முடிய வேண்டியது பெரிய செலவில் போய் நிற்கிறது.

ஏன் 7 வயசு?

அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம், 7 வயதுக்குள் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது. சுமார் 6 வயதில் முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கும். அதையொட்டி முன்பற்களும் மாறத் தொடங்கும். பால்பல்லும் நிலையான பல்லும் கலந்திருக்கும் இந்த நேரத்தில், கடி சரியாக விழுகிறதா, வரப்போகும் பற்களுக்கு இடம் இருக்கிறதா என்று மருத்துவர் கணித்துவிட முடியும். பார்த்த பிள்ளைகளில் பலருக்கு உடனடியாக எதுவும் தேவைப்படாது.

எதற்குக் காத்திருக்கக் கூடாது?

மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிப்பது, வாயை மூடும்போது தாடை ஒரு பக்கம் ஒதுங்குவது, கீழ்த்தாடை முன்னால் நீண்டு வருவது, 6 வயது தாண்டியும் விரல் சூப்புவது. இவற்றைச் சீக்கிரம் கவனித்தால், பல நேரம் கழற்றி மாட்டும் எளிய கருவியே போதும். வளரும் எலும்பு வளைந்துகொடுக்கும். வளர்ந்து முடிந்த தாடையைச் சரிசெய்ய சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

எதற்குப் பயப்பட வேண்டாம்?

7 முதல் 9 வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிவது சகஜம். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் அது தானே மூடிக்கொள்ளும். தூக்குப்பல்லுக்கு 8 வயதிலேயே சிகிச்சை தொடங்கினாலும், பருவ வயதில் தொடங்கினாலும் முடிவில் பல்வரிசை ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு. சீக்கிரம் தொடங்குவதில் கிடைக்கும் தெளிவான லாபம், விழுந்து அடிபட்டு முன்பல் உடையும் வாய்ப்பு குறைவதுதான்.

அப்போ கிளிப் எப்போ?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு 11 முதல் 14 வயதுக்குள். நிலையான பற்கள் அநேகமாக வந்திருக்கும். தாடையும் வேகமாக வளரும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி ஆண் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் வரும். சிகிச்சை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருஷம். முடிந்த பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிடெய்னர் போட வேண்டும்.

“பால்பல்தானே, விழுந்தா விழட்டும்”

இங்கேதான் பல வீடுகள் ஏமாறுகின்றன. கடைவாய்ப் பால்பல் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியது. சொத்தை என்று முன்பே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பின்னால் வரும் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். சொத்தையை அடைத்திருந்தாலோ, பிடுங்கிய இடத்தைக் காக்கும் சின்ன உலோக வளையம் மாட்டியிருந்தாலோ, சிலருக்குக் கிளிப்பே தேவைப்பட்டிருக்காது.

அரசு என்ன செய்யலாம்?

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருஷம் ஒருமுறையாவது வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பல் நோய்களும் அந்தப் பட்டியலில் உண்டு. சொத்தை பார்க்கும் அதே கண்ணால், ரெண்டாம் வகுப்பில் கடியையும் பார்த்து, தேவைப்படும் பிள்ளைக்குப் பரிந்துரைச் சீட்டு தரலாம். கூடுதலாக ஆகப்போவது ஒரு நிமிஷம்.

சீட்டு மட்டும் போதாது. 2023-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி, திருச்சுழியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வருஷம் மாதாமாதம் அங்கே போய்வர எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? இடம் காக்கும் வளையம், கழற்றி மாட்டும் கருவி போன்ற எளிய சிகிச்சைகளாவது தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும்.

அதுவரை, வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அக்கா பிள்ளையையோ அண்ணன் பிள்ளையையோ வெளிச்சத்தில் உட்காரவைத்து, பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால், “7 வயசு ஆச்சு, ஒருதடவை காட்டிருங்க” என்று சொல்லிவிட்டு வரலாம். அதற்குக் காசு செலவில்லை.