ஃபயர்வாலை அணைச்சுடு மச்சி!

போன முறை பங்குச்சந்தை பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்த முறை விளையாட்டு. ஆனால் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக் கொள்ளவும்.

விடுமுறையில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆடுவதாக முடிவு. ஒருவன் வீட்டுக் கணினியில் சர்வர் ஓட வேண்டும், மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து அதில் நுழைய வேண்டும். இருப்பதில் எங்கள் வீட்டுக் கணினிதான் தேவலாம் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சர்வரை ஓட்டினேன். நான் உள்ளே போய்விட்டேன். மற்ற நாலு பேருக்கும் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான்: "ஃபயர்வாலை அணைச்சுடு மச்சி. அப்பவும் வரலைன்னா ரூட்டர்ல டி.எம்.ஸெட் போட்டுடு."

இரண்டையும் செய்தேன். உடனே வேலை செய்தது! விடிய விடிய ஆடினோம். ஆடி முடித்ததும் தூங்கப் போய்விட்டேன். மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த மாதம் 20-ம் தேதி. அப்பா சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். 20-ம் தேதி என்றால் என்ன என்று பி.காம். மக்களுக்கு விளக்க வேண்டாம். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள். காலையில் அப்பா கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறார்; கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் வருகிறது. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அடித்தார். மறுபடியும் பூட்டு.

காரணம் புரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஹாலில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து இந்தக் கணினியைப் பயன்படுத்துவதற்காக அப்பா ரிமோட் டெஸ்க்டாப் வசதியைத் திறந்து வைத்திருந்தார். பயனர் பெயரும் 'அட்மின்'. வீட்டுக்குள் இருந்தவரை அதனால் தொந்தரவில்லை. நான் டி.எம்.ஸெட் போட்டதும் அந்தக் கதவு உலகத்துக்கே திறந்துவிட்டது. எங்கேயோ ஓடும் ஒரு நிரல் இரவு பகலாகக் கடவுச்சொல்லை ஊகித்துக் கொண்டிருந்திருக்கிறது. விண்டோஸ் 11 பத்து முறை தப்பாக அடித்தால் பத்து நிமிடம் பூட்டிக் கொள்ளும். அந்தப் பூட்டில்தான் அப்பா மாட்டிக் கொண்டார்.

இணைப்பைப் பிடுங்கி, எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, அப்பா தாக்கல் செய்து முடிக்க மதியம் மூன்று மணி. திட்டவில்லை. "யாராவது உள்ள வந்திருப்பாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். பதிவேட்டில் நான் பார்த்தவரை எல்லாம் தோற்ற முயற்சிகள்தான். ஆனாலும் உறுதியாக 'இல்லைப்பா' என்று சொல்ல வாய் வரவில்லை. பதினேழு கடைக்காரர்களின் கணக்கு அந்தக் கணினியில் இருந்தது.

என் கருத்து இதுதான். 'ஃபயர்வாலை அணைச்சுடு' என்பது தீர்வே இல்லை. எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று பார்க்கச் சோம்பல்பட்டுச் சுவரையே இடிக்கிற வேலை. டி.எம்.ஸெட் என்றால், யாரும் கேட்காமலே வெளியிலிருந்து வருகிற அத்தனையையும் ஒரே கணினிக்கு அனுப்பு என்று ரூட்டருக்குச் சொல்வது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு வேண்டியதோ 25565 என்ற ஒரே ஒரு டி.சி.பி. போர்ட்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து, 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைப் போட்டு நுழைந்து பாருங்கள். முடியவில்லை என்றால் ரூட்டரைத் தொடவே வேண்டாம், கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வாலில். முதல் தடவை சர்வரை ஓட்டும்போது 'அனுமதிக்கவா?' என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் 'கேன்சல்' அமுக்கியிருப்போம். அப்போதே ஜாவாவுக்கு ஒரு தடை விதி எழுதப்பட்டுவிடும். பிறகு எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் தடைதான் ஜெயிக்கும். அந்தத் தடை விதியை மட்டும் தேடி நீக்கினால் போதும்.

உள்ளே வேலை செய்து வெளியிலிருந்து முடியவில்லை என்றால் அடுத்தது ரூட்டர். 25565-ஐ மட்டும் உங்கள் கணினிக்குத் திருப்பி விடுங்கள். இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். கூடவே கணினியின் உள் முகவரி மாறாதபடி ரூட்டரிலேயே நிலையாக ஒதுக்கி விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்வெட்டு முடிந்து எல்லாம் திரும்ப எழும்போது அந்த முகவரி அம்மாவின் செல்போனுக்குப் போயிருக்கும், நண்பர்கள் அதன் கதவைத் தட்டிக் கொண்டிருப்பார்கள்! இன்னொன்று, சோதித்துப் பார்ப்பதை வெளியில் இருக்கும் நண்பனிடம் விடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து சொந்த வெளி முகவரியைப் போட்டால் சில ரூட்டர்கள் திருப்பி விடாது. சரியாக இருப்பதையும் தப்பு என்று நினைத்துக் கலைத்து விடுவோம்.

ஒரே கதவைத் திறந்தாலும் காவல் வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளிவந்தபோது, அரட்டைப் பெட்டியில் ஒரு வரி அடித்தே மைன்கிராஃப்ட் சர்வர்களைக் கைப்பற்ற முடிந்தது. 1.18.1 பதிப்பில் சரி செய்தார்கள். ஆகவே சர்வரைப் புதுப்பித்து வையுங்கள், தெரிந்தவர்கள் பெயரை மட்டும் ஒயிட்லிஸ்டில் போடுங்கள், ஆடாத நேரத்தில் நிறுத்தி விடுங்கள்.

இப்போது கரூர் நண்பன் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இனி சர்வர் வேண்டாம் என்றதும் அவன் பொறுப்பேற்றான். மேலே சொன்ன அத்தனையும் ஒழுங்காகச் செய்தான். நாலு ராத்திரி போயும் பலனில்லை. இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தால் முதல் நாள் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்', அடுத்த நாள் 'ரீசெட் பண்ணுங்க சார்', மூன்றாம் நாள் 'ரூட்டர் மாத்திப் பாருங்க சார்'. பையன் 1,800 ரூபாய்க்குப் புது ரூட்டரே வாங்கிவிட்டான்.

கடைசியில் பார்த்தால் அவன் ரூட்டர் பக்கத்தில் இருந்த 'வான்' முகவரி 100.72 என்று தொடங்கியது. வெளித் தளங்கள் காட்டிய முகவரி வேறு. விஷயம் இதுதான்: பழைய ஐ.பி. முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைக் கொடுக்கின்றன. அதற்கென்றே 2012-ல் ஒதுக்கியதுதான் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசை. அதற்குப் பெயர் சி.ஜி.நாட். அங்கே பூட்டிய கதவு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது. நம் வீட்டு ரூட்டரில் எதைத் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை.

முகவரிப் பற்றாக்குறைக்காக நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. நிலையான முகவரிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் கேட்பதும் வியாபாரம்தான். 'நூற்றில் ஒருத்தன் சர்வர் நடத்துவான், அவனுக்காக எல்லோருக்கும் சொல்லணுமா?' என்று கேட்கலாம். கேட்டவனுக்காவது சொல்லுங்கள் என்பதுதான் என் வாதம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்குகிற சேவையின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது என்று தேர்வுக்குப் படித்தோமே! வெளியிலிருந்து உள்ளே வர முடியாத இணைப்பு என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி போட எவ்வளவு மை செலவாகும்? அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் நண்பனுக்கு 1,800 ரூபாயும் நாலு ராத்திரித் தூக்கமும் மிச்சம்.

அதனால் ரூட்டரில் எதையும் மாற்றுவதற்கு முன் அந்த இரண்டு முகவரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் மேலே சொன்னது போதும். வேறாக இருந்தால் நிலையான முகவரி கேளுங்கள், அல்லது டெயில்ஸ்கேல், ஸீரோடையர் மாதிரி தனி வலையில் நண்பர்களைச் சேர்த்துக் கொள்ளுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் ஆடுகிறோம். எந்தப் போர்ட்டும் திறக்கவில்லை.

பி.கு: அப்பாவின் கணினிக்குக் கடவுச்சொல், பயனர் பெயர் இரண்டும் மாற்றியாகிவிட்டது. அதில் விளையாட எனக்குத் தடை. அந்தத் தடை விதியை நீக்க இன்னும் வழி தெரியவில்லை :-)