காராமணி மேல் பழி போடாதீங்க!

"டாக்டர், பயறு எதுவுமே எனக்கு ஒத்துக்கலை. ஒரே வாயு! அடியோட நிறுத்திட்டேன்" என்றபடி எதிரே உட்கார்ந்தார் ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இப்போது பயறும் இல்லை என்றால், உடம்புக்குப் புரதம் எங்கிருந்து வரும்?

"எப்படிச் சமைப்பீங்க?" என்று கேட்டேன்.

"கழுவி அப்படியே குக்கர்ல போட்டு ரெண்டு விசில்!"

தப்பு பயறு மேல் இல்லை, அவசரத்தின் மேல்!

சிவப்புக் காராமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. கூடவே நார்ச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உண்டு. இதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும்போதுதான் வாயு உண்டாகிறது. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் தொல்லை பெருமளவு குறையும். பயறு வாதத்தைக் கூட்டும் என்று சித்த மருத்துவமும் சொல்கிறது. அதற்கு மாற்றாகத்தான் பெருங்காயம், இஞ்சி, சீரகம், பூண்டு எல்லாம்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாததா? மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது காரடையான் நோன்பு. வறுத்த அரிசி மாவில் வெந்த காராமணி, தேங்காய், வெல்லம், ஏலக்காய் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் வெல்ல அடை. அதே மாவில் கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துச் சேர்த்தால் உப்பு அடை. ஒரே பயறு, இரண்டு ருசி! கொங்கு நாட்டில் இதே இனத்துத் தட்டைப்பயறைக் கத்திரிக்காயோடு குழம்பு வைப்பார்கள். கேரளத்தில் பூசணிக்காயோடு ஓலன்.

ஒரு சின்ன விஷயம். வெல்லமோ புளியோ, பயறு நன்றாக வெந்த பிறகே சேருங்கள். முன்னாடியே போட்டால் பயறு விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் மசியாது.

"வெல்லம்தானே டாக்டர், சர்க்கரை இல்லையே!" என்று நீரிழிவுக்காரர்கள் என்னிடம் வாதாடுவார்கள். ஐயா, வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்! உங்களுக்குக் காரச் சுண்டல்தான் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு அளவாகச் சாப்பிடுங்கள்.

இப்போது பல வீடுகளில் ராஜ்மா புழங்குகிறது. நல்ல பயறுதான். ஆனால் அரைவேக்காட்டில் விஷம்! நாலைந்து பச்சைப் பயறு வயிற்றுக்குள் போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, அரைமணி நேரமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். இளஞ்சூட்டில் மெல்ல வேகவைப்பது ஆபத்து.

அந்த அம்மாவுக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. "வாரம் ரெண்டு நாள், ஒரு கைப்பிடி. ராத்திரியே ஊறப்போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, "சுண்டல் இப்ப ஒண்ணும் பண்றதில்லை டாக்டர்" என்றார் சிரித்தபடி.

நோன்புக்கு ஒரு நாள் மட்டும் டப்பாவைத் திறந்தால் போதாது, தாய்மார்களே! இன்று ராத்திரியே ஒரு கைப்பிடி ஊறப்போடுங்கள்.