உபரி உணவும் உணவு உரிமையும்

உணவகங்களிலும் பேரங்காடிகளிலும் மிஞ்சும் உணவை அறநிறுவனங்கள் வழியாக ஏழைகளிடம் சேர்ப்பதற்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2019ஆம் ஆண்டில் தனி விதிமுறைகளை வெளியிட்டது. அவை 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உபரி உணவை எவ்வாறு பிரித்து வைப்பது, எவ்வாறு எடுத்துச் செல்வது, என்னென்ன பதிவேடுகளைப் பேணுவது என்பவற்றை அவ்விதிமுறைகள் வரையறுக்கின்றன. ஆயினும் எந்த நிறுவனமும் உணவைக் கொடுத்தே தீரவேண்டும் என்று அவை கட்டாயப்படுத்தவில்லை. பிரான்சில் 2016இல் இயற்றப்பட்ட சட்டமோ, 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் உண்ணத்தக்க உணவை அழிப்பதைத் தடை செய்து, அறநிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் பணித்தது.

“இது முதலாளிகளின் தர்மகாரியம்; நமக்கு இதில் என்ன வேலை?” என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். உழவரும் தொழிலாளரும் உழைத்து விளைவித்துச் சமைத்த உணவு குப்பைமேட்டுக்குச் செல்வதை எந்தக் கோட்பாட்டின் பெயராலும் நாம் நியாயப்படுத்த இயலாது. எனவே இத்தகைய ஏற்பாட்டை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் அதன் எல்லையைத் தெளிவாக வரையறுக்கும் கடமை நமக்கு உண்டு. இவ்விதிமுறைகள் பேசுவது நன்கொடையைப் பற்றி. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது உரிமையைப் பற்றி. நன்கொடை கிடைக்காதபோது எவரையும் கேள்வி கேட்க முடியாது. உரிமை மறுக்கப்பட்டால் அரசைக் கேள்வி கேட்கலாம், நீதிமன்றத்தையும் நாடலாம்.

அரசே நாட்டின் மிகப் பெரிய உபரி உணவுக் கையிருப்பாளர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 2001ஆம் ஆண்டில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்திருந்தபோது ராஜஸ்தானில் மக்கள் பட்டினியால் வாடினர். அதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கின் பயனாகவே, பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்குமாறு உச்சநீதிமன்றம் அவ்வாண்டு நவம்பர் 28 அன்று ஆணையிட்டது.

அதே ஆண்டு பிப்ரவரி இறுதியில்தான் நமது கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே நாளில் ஊதியத்தை இழந்தன. இன்றும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் சுற்றியுள்ள லைன் வீடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறி, பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். இக்குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி என்பது எவரும் மனமிரங்கி அளிக்கும் பொருளன்று; மாதச் செலவைத் தாங்கி நிற்கும் தூண்.

அந்தத் தூண் 2023இல் அசைக்கப்பட்டது. அன்னபாக்கியத் திட்டத்தில் கூடுதலாக 5 கிலோ அரிசி வழங்கக் கர்நாடக அரசு முற்பட்டு, கிலோ 34 ரூபாய் விலைகொடுத்து வாங்கவும் ஆயத்தமாக இருந்தது. உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தாங்கிருப்பு அளவைக் காட்டிலும் மிகுதியாக அரிசி இருந்தும், வெளிச்சந்தைத் திட்டத்தின்கீழ் மாநிலங்களுக்கு விற்பதை ஒன்றிய அரசு அவ்வாண்டு ஜூனில் நிறுத்திவிட்டது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அரிசிக்குப் பதில் ஆளுக்கு 170 ரூபாய்தான் வழங்க முடிந்தது. கடை விலையில் அத்தொகைக்கு 5 கிலோ அரிசி வாங்குவது எளிதாக இருக்கவில்லை. 2025 ஜனவரியில்தான் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு மாநிலங்களுக்கு அரிசி விற்க ஒன்றிய அரசு இசைந்தது. எத்தனால் ஆலைகளுக்கும் அதே விலைதான். உணவுக் கழகத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு ஆகும் செலவோ ஏறத்தாழ 40 ரூபாய். பசித்த வயிறும் எரிபொருள் ஆலையும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுள்ளன.

இதற்கிடையே, ரேஷன் பெறுவோரின் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையிலேயே முடக்கி வைக்கப்பட்டது. இதனால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் பொது வினியோக முறைக்கு வெளியே நிற்பதாகப் பொருளியல் அறிஞர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2020இலேயே மதிப்பிட்டனர். இவர்களுக்கு உணவகங்களின் மிச்சம் விடையாகாது. திருமணம் நடக்கும் நாளில் மிஞ்சும். நடவாத நாளில் மிஞ்சாது. பசி முகூர்த்தம் பார்த்து வருவதில்லை.

அமெரிக்க அனுபவம் நமக்கு எச்சரிக்கையாக அமையட்டும். ஏழைகளுக்கான உணவுக் கூப்பன் திட்டத்துக்கான நிதியை வெட்டிய ரீகன் அரசு, 1981 டிசம்பரில் அரசுக் கிடங்கில் தேங்கியிருந்த 3 கோடி பவுண்டு பாலாடைக்கட்டியை ஏழைகளுக்கு வழங்கப்போவதாக அறிவித்தது. உரிமை சுருங்கியது, உணவு வங்கிகளின் வாசல்களில் வரிசை நீண்டது.

ஆகவே, நமது நகரசபைகளில் இத்தகைய திட்டம் முன்வைக்கப்படும்போது தோழர்கள் வலியுறுத்த வேண்டியவை உள்ளன. முதலாவதாக, பெரும் உணவகங்களும் மணமண்டபங்களும் உபரியைத் தெரிவிப்பது உரிம நிபந்தனையாக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, சேகரிப்பும் வினியோகமும் நகரசபையின் பொறுப்பாக இருக்கவேண்டும். அதில் பணிபுரிவோருக்குச் சட்டப்படியான ஊதியம் வேண்டும். மூன்றாவதாக, காசு கொடுத்து உண்பவருக்குரிய அதே பாதுகாப்புத் தரம் இங்கும் வேண்டும். ஊசிப்போன சோற்றை உண்டு நோயுறும் ஏழைக்கு மருத்துவச் செலவும் சேர்ந்துகொள்ளும். நான்காவதாக, கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இதைக் காரணம் காட்டி ரேஷன், மதிய உணவு, அங்கன்வாடி ஆகியவற்றின் ஒதுக்கீட்டில் ஒரு பிடியும் குறைக்கப்படலாகாது.

ரேஷன் அட்டை மறுக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலைக் கிளைகள்தோறும் தயாரித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் அளிப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்குவோம்.