எங்கேயும் போகாத சைக்கிள்

சைக்கிள் புராணத்தை மறுபடி ஆரம்பிச்சுட்டானேன்னு ஓடிடாதீங்க மக்களே. இது ஓடாத சைக்கிளைப் பத்தின பதிவு. ரூமுக்குள்ள நின்ன இடத்துலயே மிதிக்கிற சமாச்சாரம்.

"தனுஷ்கோடி ரோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்குய்யா இது?" நியாயமான கேள்விதான். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்ததுலேர்ந்து அங்க மிதிச்சுக்கிட்டு இருக்கிறவன் நான். ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நாம. ஆனா ஆனி, ஆடியில கச்சான் காத்து கிளம்பிச்சுன்னா மணல் ரோட்டுல ஏறிக்கும். ஐப்பசி, கார்த்திகையில மழை. லீவு நாள்ல டூரிஸ்ட் வேன். இதெல்லாத்தையும் விட பெரிய குறை, நம்ம பக்கம் மலை கிடையாது. ராமநாதபுரத்துலேர்ந்து அரிச்சல்முனை வரைக்கும் ஏத்தம்னு சொல்லிக்க ஒண்ணே ஒண்ணுதான், 1988-ல திறந்த பாம்பன் ரோட்டுப் பாலம். அதை மட்டும் ஏறிப் பழகிட்டு கொடைக்கானல் போனா என்ன ஆகும்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், கதை வேணாம் :-)

அதனால மூணு வருஷம் முன்னாடி ஒரு மலிவு சைக்கிள் வாங்கினேன். கனமான பிளைவீல்னு பெருசா எழுதியிருந்தான். அதைப் பார்த்துதான் விழுந்தேன். சக்கரத்துல கம்பளித் துண்டை அழுத்தித் தடை குடுக்கிற டைப். செயின் வேற. நாலே மாசம். சீட் கம்பி துருப்பிடிச்சு இறுகிப் போச்சு, ஏத்தவும் முடியல, இறக்கவும் முடியல. ரெண்டு செ.மீ. தானேன்னு அப்படியே மிதிச்சேன். முட்டியில வலி ஆரம்பிச்சு, டாக்டர் ஆறு மாசம் சைக்கிளையே தொடாதேன்னுட்டார். 200 கி.மீ. பிரெவே ஓட்டணும்னு (பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும்) பேர் குடுத்திருந்தேன். போச்சு. வித்தவங்களுக்குப் போன் போட்டா "கடல் காத்துக்கெல்லாம் வாரண்டி இல்ல சார்"னு பதில்.

எரிச்சலா இருந்தாலும் அவங்க சொன்னதுல ஒரு உண்மை இருக்கு. 1914-ல கட்டின நம்ம பழைய ரயில் பாலத்தை உப்பு அரிச்ச கதை ஊருக்கே தெரியும். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சுன்னு அத்தனை முன்னேற்பாடு. ரயில்வேயே பயப்படுற காத்துல நாம ஜன்னலோரமா இரும்புச் செயினை வெச்சா என்ன நியாயம்? போதாததுக்கு மேலேர்ந்து வேர்வை வேற சொட்டுது, அதுவும் உப்புதானே.

அதனால என் கட்சி இதுதான்: திரையைப் பார்த்து வாங்காதீங்க, உட்கார்ற இடத்தையும் உலோகத்தையும் பார்த்து வாங்குங்க. சீட்டும் ஹேண்டில்பாரும் மேல கீழ மட்டுமில்லாம முன்ன பின்னயும் நகரணும். உங்க ரோடு பைக்கை டேப் வெச்சு அளந்து, அதே அளவு இதுல வருதான்னு பாருங்க. ரெண்டு பெடலுக்கும் நடுவுல உள்ள அகலத்தை யாருமே பார்க்கிறதில்ல. ரோடு பைக்ல கிராங்கோட வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் 146-லேர்ந்து 150 மி.மீ. வரைக்கும் இருக்கும். ஜிம் சைக்கிள் பலதுல அதை விட அகலம், கால் பப்பரப்பான்னு போகும். முட்டிக்கு அதுவும் வினை. பெடல் மரை 9/16 இஞ்சா இருந்தா உங்க சொந்தப் பெடலையே மாட்டிக்கலாம். என்னோட பழைய சைக்கிள்ல அரை இஞ்ச், அதனால அதுவும் நடக்கல. செயினுக்குப் பதிலா பெல்ட், கம்பளிக்குப் பதிலா காந்தம். அவ்ளோதான்.

நம்ம தம்பி ஒருத்தன் சண்டைக்கு வந்தான். "அண்ணே, ஸ்விஃப்ட்ல மலை ஏறினா தானா தடை கூடும். குமிழைத் திருகிக்கிட்டே எப்படிண்ணே கொடைக்கானலுக்குப் பழகுறது?" அவன் பின்சக்கரத்தைக் கழட்டி மாட்டுற டிரெய்னர் வெச்சிருக்கான். சொந்த சைக்கிள்ங்கிறதால அளவுப் பிரச்சினையே கிடையாது. ஒத்துக்கிறேன். சைக்கிள் ஒண்ணு உபரியா இருந்தா அதுதான் நல்ல வழி. ஆனா இருக்கிற ஒரே கார்பன் சைக்கிள் மேல தினம் வேர்வையை ஊத்த எனக்கு மனசு வரல. முழு ஸ்மார்ட் பைக்கா, அது ஒரு நல்ல ரோடு பைக் விலை. உள்ள இருக்கிற போர்டு போச்சுன்னா பாம்பனைத் தாண்டி அதை எங்க தூக்கிட்டுப் போறது? அந்தக் காசுல ஒரு பங்குக்கு பவர் மீட்டர் பெடல் வாங்கிட்டா காலைல பாலத்துல, சாயங்காலம் ரூம்லன்னு ஒரே பெடலை மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். அளவும் ஒண்ணா இருக்கும்.

முக்கியமான ஒண்ணை விட்டுட்டேன், ஃபேன். 150 வாட் மிதிச்சா உடம்பு அதைப்போல மூணு நாலு மடங்கு சூட்டை வெளிய தள்ளும். ரோட்டுல எதிர்க்காத்து ஆத்திடும், ரூம்ல யார் ஆத்துறது? நம்ம ஊர் சித்திரையில சீலிங் ஃபேன் எந்த மூலைக்கு? பெரிய பெடஸ்டல் ஃபேன் நேரா நெஞ்சுக்கு அடிக்கணும். கரண்ட் போனா நானும் இறங்கிடுவேன்.

இப்ப இருக்கிறது பெல்ட் வண்டி, ஒண்ணரை வருஷமாச்சு. ஏறி இறங்கினதும் நல்ல தண்ணியில நனைச்ச துணியால தொடைச்சு, சீட் கம்பியை வாரம் ஒருதரம் உருவி கிரீஸ் தடவுறேன். "எங்கயும் போகாத வண்டிக்கு எதுக்குங்க சர்வீஸு?"ன்னு வீட்டம்மா கேக்குறாங்க. முட்டி தேவலாம். தை மாசம் மறுபடி 200-க்குப் பேர் குடுத்திருக்கேன்.

தூத்துக்குடி, நாகை, வேதாரண்யம் பக்கம் யாராவது மூணு வருஷத்துக்கு மேல துருப்பிடிக்காம ஒண்ணை வெச்சிருந்தா எப்படின்னு சொல்லிட்டுப் போங்கப்பா.