ஓடாத குளிர்ப்பெட்டியை நம்பாதீர்

ஓசூர் ரோஜாவும் தேனி வாழையும் குளிர்சாதன வண்டியில் வெளியூர் போகும் காலம் இது. உழவர் குழுக்கள் சில சொந்தமாகவே வண்டி வாங்குகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் வண்டி வாங்கக் காட்டும் அக்கறையை, அதைப் பராமரிக்கும் ஓட்டுநரின் பாதுகாப்பிலும் காட்ட வேண்டும்.

மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் ஆட்டோமாட்டிக் ஸ்டார்ட்டரை விவசாயிகள் நன்கு அறிவார்கள். கரண்ட் இல்லையே என்று பெல்ட்டில் கை வைப்பது எவ்வளவு ஆபத்து! தனி டீசல் எஞ்சின் உள்ள குளிர்ப்பெட்டிகளில் பலவும் அப்படிப்பட்டவையே. கூண்டுக்குள் தேவையான குளிர் வந்ததும் எஞ்சின் நின்றுவிடும். வெப்பம் ஏறினால், யாரும் தொடாமலே மறுபடி ஓடும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பவரின் விரல் என்னாகும்?

ஆகவே, சோதனைக்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். நிறுத்துமிடத்தில் கரண்டில் ஓடும் வசதி இருந்தால் அந்தப் பிளக்கையும் பிடுங்க வேண்டும். "வேலை நடக்கிறது" என்று ஓர் அட்டையும் தொங்கவிடலாம். உயரத்தில் உள்ள பெட்டிக்கு உறுதியான ஏணி தேவை. பம்பரில் ஏறி நிற்கலாகாது.

ஓட்டுநர் செய்யத்தக்க வேலைகள் உண்டு. பெல்ட்டில் வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பது, கண்டென்சர் தகடுகளில் படிந்த தூசியை வேகம் குறைந்த நீரால் கழுவுவது, தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு நீக்குவது, கதவு ரப்பரைக் கவனிப்பது ஆகியவை அவை. உள்ளே உறைந்த பனிக்கட்டியைக் கத்தியால் கொத்தக் கூடாது, குழாய் ஓட்டையாகிவிடும். டிஃப்ராஸ்ட் செய்து உருக விடுவதே முறை.

கேஸ் குழாயை மட்டும் பயிற்சி பெற்ற மெக்கானிக் தவிர வேறு யாரும் அவிழ்க்கலாகாது. ஆர்-134ஏ என்னும் கேஸ் திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரி சென்டிகிரேடிலும், ஆர்-404ஏ சுமார் மைனஸ் 46 டிகிரியிலும் கொதிப்பவை. திரவமாகத் தெறித்தால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும். நெருப்பில் பட்டால் நச்சு வாயு உண்டாகும். காற்றைவிடக் கனமானதால், மூடிய ஷெட்டில் கீழே தேங்கி மூச்சை அடைக்கும். கசிவு பார்க்க ஆக்ஸிஜன் ஏற்றுவது கொலைக்குச் சமம். கம்ப்ரஸர் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். அதற்கு உரியது, ரெகுலேட்டர் பொருத்திய நைட்ரஜனே.

"லோடு காத்திருக்கிறது, நேரமில்லை" என்பார்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றச் சில நிமிடங்கள் போதும். ஒரு லோடு ரோஜா வாடினால் அடுத்த பறிப்பில் ஈடுகட்டலாம். போன விரல் திரும்பாது. வண்டி வைத்திருக்கும் குழுக்கள், ஓட்டுநருக்குப் பயிற்சியும் மெக்கானிக் செலவுக்குத் தனி நிதியும் இப்போதே ஒதுக்குவது கடமையாகும்.