நாக்கை வளைப்பதற்கு முன்

புனேவை அடுத்த தேஹு ரோட்டில் ஒரு தமிழ் மெக்கானிக்கின் கடை. ஒரு ஷட்டர், ஒரு பெஞ்ச், சுவரில் முருகன் படம், அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் நான் போயிருந்தபோது பெஞ்சின் மேல் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியின் கார்புரேட்டர் பிரிந்து கிடந்தது. அதற்கு முன் மூன்று கடை பார்த்து வந்த சரக்கு. மூன்று கடையிலும் கிட் மாற்றியிருந்தார்கள். மூன்று கடையிலும் ஃப்ளோட்டின் பித்தளை நாக்கை வளைத்திருந்தார்கள். ஆனாலும் பெட்ரோல் காக்கைத் திறந்து வைத்தால் கால் மணி நேரத்தில் தரையில் பெட்ரோல் வட்டம்.

“அண்ணே, இன்னும் ஒரு தடவை வளைச்சா நாக்கு ஒடிஞ்சிரும்” என்றார் அவர். பார்த்தேன். வளைவின் ஓரத்தில் வெள்ளையாக வரி விழுந்திருந்தது.

ஓவர்ஃப்ளோ என்றதும் நம் கை முதலில் போகும் இடம் அந்த நாக்குதான். நானும் இருபது ஆண்டு அதையே செய்தவன், அதனால் யாரையும் கடிந்து எழுதவில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஓவர்ஹால் செய்வதற்கு முன் அந்த வண்டி பல வருடம் ஒழுகாமல் ஓடியிருக்கிறது. ஆலையில் வைத்த நாக்கு தானாக வளையாது. அப்படியானால் மாறியது என்ன? நாம் புதிதாகப் போட்டதும், நாம் சுத்தம் செய்த விதமும்தான். ஓவர்ஹாலுக்குப் பிறகு தொடங்கும் ஒழுகலில் பெரும்பகுதி நம் பெஞ்சில் பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டால் பாதி வேலை குறையும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். டேங்கில் உள்ள பெட்ரோல் கார்புரேட்டருக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். பெட்ரோலின் அடர்த்தி சுமார் 0.74. சதுர சென்டிமீட்டருக்கு 22 கிராம் அழுத்தம். சீட்டின் துளை 2 மி.மீ. என்றால் ஊசியின் முனையைத் தள்ளும் விசை முக்கால் கிராம்கூட இல்லை. ஃப்ளோட்டோ நெம்புகோல் போல அதை விடப் பல மடங்கு விசையோடு ஊசியை மேலே அழுத்துகிறது. இவ்வளவு சாதகம் இருந்தும் அடைக்கவில்லை என்றால் குறை விசையில் இல்லை. ஊசியும் சீட்டும் பொருந்தும் முகத்தில் இருக்கிறது, அல்லது பெட்ரோல் வேறு வழியாகப் போகிறது. நாக்கை வளைப்பதால் இரண்டும் சரியாகாது. மட்டம்தான் இறங்கும். ஊசி சரியாக அடைக்காவிட்டால் இறங்கிய மட்டமும் ராத்திரிக்குள் மெதுவாக ஏறி வழிந்துவிடும். பகலில் வண்டி லீனாக ஓடும், ஐடிலிங் ஆடும், டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் பிஸ்டன் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு கம்ப்ளெயின்ட் இரண்டாகும்.

டேங்க் நிறைந்திருந்தால் மட்டும் ஒழுகுகிறது, பாதியானால் நிற்கிறது என்று சொல்லும் வாடிக்கையாளரை உட்கார வைத்து விசாரியுங்கள். அங்கே ஃப்ளோட்டின் பலமே எல்லையில் நிற்கிறது. யாரோ 2 மி.மீ. சீட் இருந்த இடத்தில் 2.5 போட்டிருக்கலாம். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இல்லையென்றால் ஃப்ளோட் கனத்திருக்கும். பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது நமக்குத் தெரியும். பிளாஸ்டிக் ஃப்ளோட்டில் குமிழி வராது. அது பெட்ரோலை மெல்லக் குடித்துக் கனக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி, புதியதையும் பழையதையும் நிறுத்துப் பாருங்கள். ஓட்டையை அடைக்க ஈயத்தை அள்ளி வைத்த பித்தளை ஃப்ளோட்டுக்கும் இதே தராசுதான்.

தேஹு ரோடு கார்புரேட்டருக்கு வருகிறேன். அதில் நாங்கள் செய்த முதல் வேலை ஒரு ட்யூபை மாட்டியது. ஃப்ளோட் கப்பின் அடியில் உள்ள ட்ரெயின் மூக்கில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபைச் செருகி, அதைப் பாடியின் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்து, ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் மட்டம் ட்யூபில் தெரியும். மூக்கு இல்லாத கப்புக்குப் பழைய ட்ரெயின் பிளக் ஒன்றைத் துளைத்துக் குழாய் வைத்துக்கொள்ளலாம். மட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி மேலே: ஊசி, சீட், சீட்டுக்கு அடியில் உள்ள ஓ-ரிங், ஃப்ளோட். மட்டம் கேஸ்கெட்டுக்குக் கீழே ஒழுங்காக நின்றுவிட்டது, ஆனாலும் சொட்டுகிறது என்றால் கீழே தேட வேண்டும்.

எங்கள் ட்யூபில் மட்டம் அசையாமல் நின்றது. சொட்டு மட்டும் நிற்கவில்லை. கப்பைக் கழற்றிப் பெட்ரோல் ஊற்றி நியூஸ் பேப்பர் மேல் வைத்தோம். இரண்டு நிமிடத்தில் அடியில் ஈரம். உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ பித்தளைக் குழாய் அடியில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. யாரோ எப்போதோ அதைக் குறடால் பிடித்து ஆட்டிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். மூன்று கிட், மூன்று கூலி, உடையக் காத்திருக்கும் ஒரு நாக்கு. அந்தக் குழாயோ கிட்டுக்குள் இல்லாத உதிரி.

கிட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். புனேயில் நானா பேட்டில் வரிசையாக ஸ்பேர் கடைகள். ஒரே மாடலுக்கு நாலு விலையில் கிட் தருவார்கள். விலை குறைந்ததை வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, வாடிக்கையாளரின் பட்ஜெட் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் பழைய ஊசியைக் குப்பையில் போடுவதற்கு முன் புதியதை அதன் பக்கத்தில் வைத்து வெர்னியரில் அளந்துவிடுங்கள். புதிய ஊசி கொஞ்சம் குட்டையாக இருந்தால் ஃப்ளோட் அதிக உயரம் ஏறிய பிறகுதான் அது அடைக்கும், மட்டம் கூடிவிடும். கூம்பின் சாய்வும் பார்வைக்கே வேறாக இருக்கும் சில நேரம். ஊசியின் தலையில் ஸ்பிரிங்கில் நிற்கும் சின்ன முள்ளையும் அமுக்கிப் பாருங்கள். ஒன்று கல்லாக இருக்கும், இன்னொன்று பஞ்சாக இருக்கும். ஃப்ளோட் உயரம் அளக்கும்போது நாக்கு அந்த முள்ளைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. கார்புரேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து அளந்தால் ஃப்ளோட்டின் எடையே முள்ளை அமுக்கிவிடும். சாய்த்துப் பிடித்து அளக்க வேண்டும், கேஸ்கெட்டை எடுத்துவிட்டு.

நம் சின்ன வண்டிகள் பலவற்றில் சீட் பாடியிலேயே அழுத்திப் பதித்தது, கழலாது. அதனால் கிட் போட்டாலும் புது ஊசி பழைய சீட்டில்தான் உட்காருகிறது. ஊசியில் வளையம் விழுந்திருந்தால் சீட்டிலும் கறை இருக்கும். காது குடையும் பஞ்சில் மெட்டல் பாலிஷ் தொட்டு ஐம்பது சுற்று சுற்றினால் போதும். எமரி வேண்டாம், ட்ரில் பிட்டால் சுரண்டுவது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, முழுதாகப் பூட்டிய கார்புரேட்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை அடித்தால் ஃப்ளோட் நசுங்கும். ஊசியைக் கழற்றாமல் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் அதன் ரப்பர் முனை உப்பும். சுத்தம் செய்யும்போதே கெடுக்கும் வழிகள் இவை.

வாடிக்கையாளர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் எத்தனால் என்கிறார்கள். அதில் மகாராஷ்டிரத்துக்குப் பழைய சொந்தம் உண்டு. 2001-இல் எத்தனால் கலப்புக்கான முன்னோட்டம் நடந்த மூன்று இடங்களில் மிரஜும் மன்மாடும் இந்த மாநிலத்தவை. 2003-இல் 5 சதவீதக் கலப்பு வந்தது. 2021 ஜூன் 5-இல் முழு எத்தனால் விற்கும் பங்க்குகள் சோதனையாக மூன்று இடங்களில் திறந்ததும் புனேயில்தான். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 1996-இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100-இன் ரப்பர் இதையெல்லாம் கனவிலும் கண்டிருக்காது.

எத்தனால் ஓவர்ஃப்ளோ செய்யுமா? அடர்த்தியால் செய்யாது. எத்தனாலின் அடர்த்தி 0.79, கலந்த பெட்ரோல் சற்றுக் கனமாவதால் ஃப்ளோட் இன்னும் கொஞ்சம் நன்றாகவே மிதக்கும், மட்டம் துளி இறங்கும். பாதிப்பு வருவது பக்கவாட்டில். நைட்ரைல் ரப்பர் ஊறி உப்பும். டேங்கில் பல வருடம் படிந்த துரு கழன்று சீட்டுக்கு வரும். புனே மழையில் மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு நீரோடு அடியில் தனியாகப் பிரியும். கப்பின் உலோகம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி ஒரு துகள் ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவில் போனால் போதும். ஆகவே டேங்கைக் கழுவாமல், ஃபில்டர் வைக்காமல் கிட் மட்டும் போட்டுக் கொடுத்தால் வண்டி இரண்டு நாளில் திரும்பி வரும். வந்தால் எத்தனாலைத் திட்டிப் பயன் இல்லை.

அடர்த்தி பேச்சில் இன்னொரு எச்சரிக்கை. தீப்பிடிக்கும் பயத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதிப்பவர்கள் உண்டு. பயம் நியாயமானது, சோதனை பொய்யானது. மண்ணெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.8, அதில் ஃப்ளோட் தேவைக்கு மேல் நன்றாக மிதக்கும். பெஞ்சில் தேறும், வண்டியில் தோற்கும்.

புனே இந்த விஷயத்தில் விசித்திரமான ஊர். சாக்கணில் பஜாஜின் ஆலை இருக்கிறது, கார்புரேட்டர் செய்த கெய்ஹின் எஃப்.ஐ.இ.யும் அங்கேதான் தொழில் நடத்தியது. 2007-இல் ஃப்யூவல் இன்ஜெக்ஷனோடு வந்த பல்சர் 220, 2009-இல் கார்புரேட்டருக்கே திரும்பியதும் இந்த ஊர்க் கதை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து கார்புரேட்டருக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. இப்போது உங்கள் கடைக்கு வரும் பையன்களில் பலர் ஸ்கேனரைத் தொட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறார்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கும் பெட்ரோல் காக்கை மூடும் பழக்கம் போய்விட்டது. டெலிவரி கொடுக்கும்போது அதை வாயால் சொல்லுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஓவர்ஃப்ளோ என்று வந்தால் ஆயில் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றியதை விட மட்டம் ஏறியிருந்தாலோ கிக்கரில் கால் வைக்காமல் ஆயிலை வடித்துவிடுங்கள்.

தேஹு ரோட்டுக்காரருக்கு ஜூனா பஜாரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கப் கிடைத்தது. நாக்கை மெதுவாகப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தார், ஒடியவில்லை. பூட்டியதும் வண்டியில் மாட்டவில்லை. கார்புரேட்டரை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, பெட்ரோல் பாட்டிலை டேங்க் உயரத்துக்கு ஆணியில் தொங்கவிட்டு, அடியில் தகரத் தட்டு வைத்து, கடைக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் ராத்திரி முழுதும் விட்டார். சுவிட்ச் எதுவும் பக்கத்தில் இல்லை. பீடிக்காரர்களை அந்தப் பக்கம் விடவில்லை. காலையில் தட்டு காய்ந்திருந்தது. பில்லில் கிட் விலை இல்லை; கப், லேபர், அதற்குக் கீழே ‘ராத்திரி டெஸ்ட்’ என்று தனி வரி போட்டு ஐம்பது ரூபாய் சேர்த்திருந்தார். வண்டிக்காரர் அந்த ஐம்பதுக்கு மட்டும் பேரம் பேசினார்.